வெறுங்கையும் விடுமுறையும்

சித்திரை பிறந்து தேர்வுகளும் முடிந்துவிட்டால் நம்மவர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுண்டு. ‘விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள்?’ என்பதே அது. கொடைக்கானல், உதகை, மூணாறு என்று விடை கூறுவோர் கூறுகின்றனர். விடை இல்லாதோர் பேச்சை மாற்றுகின்றனர். அல்லது ‘இவ்வாண்டு வேலை மிகுதி’ என்று சொல்லி நகர்கின்றனர். பல வீடுகளில் மிகுதியாக இருப்பது வேலையன்று. குறைவாக இருப்பது கையிருப்பு. அதனை வாய்விட்டுச் சொல்ல நாணுகிறோம். நூறு ரூபாய் குறைந்தால் காய்கறிக் கடையில் வெளிப்படையாகப் பேரம் பேசும் நாம், பயணத்திற்குப் பணமில்லை என்பதை மட்டும் ஏனோ மறைத்துப் பேசுகிறோம்.

இத்தகையோர்க்கு உலகம் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை, ‘உள்ளது போதும் என்று இருங்கள்’ என்பதாகும். போதும் என்னும் மனம் உயர்ந்ததே. ஆயினும் அஃது ஒருவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ள வேண்டிய சொல். உண்டு முடித்தவர் பசித்தவரிடம் சொல்லும்போது அதன் அழகு கெட்டுவிடுகிறது.

எண்ணிப் பார்த்தால், வெறுங்கையினர்க்கு இருவேறு குறைகள் இருப்பது புலனாகும். ஒன்று, பயணத்திற்குப் பணம் இல்லாமை. மற்றொன்று, ஓய்வுக்கு நாள் இல்லாமை. முதற் குறையை அறிவாலும் அன்பாலும் பெரும்பகுதி ஈடுசெய்யலாம். இரண்டாம் குறையை எந்த ஆறுதல் மொழியாலும் ஈடுசெய்ய இயலாது. கொடுக்க வேண்டியவர் கொடுத்தே ஆகவேண்டும். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புவதனாலேயே நம் பேச்சு வழிதவறுகிறது. உப்பும் முத்தும் விளைந்த நம் தூத்துக்குடிக் கடற்கரை இவ்விரண்டிற்கும் தக்க சான்றுகளை வைத்திருக்கிறது.

சொல் காட்டும் வழி

‘சுற்றுலா’ என்பது இன்று பயண நிறுவனங்களின் விளம்பரச் சொல்லாகிவிட்டது. அதனுள் இருக்கும் ‘உலா’ நம் இலக்கியத்திற்கு உரியது. உலா இலக்கியத்தின் தலைவன் அயல்நாடு செல்வதில்லை. தன் ஊரின் வீதிகளிலேயே பவனி வருகிறான். பேதை முதல் பேரிளம்பெண் வரை எழுபருவத்து மகளிரும் அவனைக் காண்கின்றனர். ஒட்டக்கூத்தர் மூவருலா பாடியபோதும் சோழர் உலா வந்தது சொந்த நகரத்து வீதியில்தான். தன் ஊரை வலம் வருவதே உலா என்பது தமிழ் மரபு.

நெடும்பயணம் சென்றவர்களும் நம் இலக்கியத்தில் உளர். ஆனால் அவர்கள் செல்வர் அல்லர். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். அவற்றுள் பொருநரும் பாணரும் கூத்தரும் வறுமை வாட்ட வழிநடந்தவர்கள். பரிசு பெற்று மீள்பவன் தன்னைப் போன்ற இன்னொரு வறியவனுக்கு வழி சொல்கிறான். கண்டதைக் காணாதவனுக்குச் சொல்வதே அங்குப் பயணத்தின் பயன்.

நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் நம் கொற்கையைப் பற்றிய ஒரு காட்சி வருகிறது. உப்பு வணிகரான உமணரின் வண்டிகளோடு ஒரு மந்தியும் வருகிறது. கிளிஞ்சலின் வயிற்றில் முத்துகளை அடைத்து, அதைக் கிலுகிலுப்பையாக ஆட்டி, உமணரின் பிள்ளைகளோடு அது விளையாடுகிறது. அரண்மனைக்குப் போகவேண்டிய முத்து, உப்பு வண்டியில் வந்த பிள்ளைகளின் விளையாட்டுப் பொருளாகிறது. பெற்றோர் பிழைப்புக்காக வந்த வழியில் பிள்ளைகளுக்கு ஒரு கொண்டாட்டம் கிடைத்துவிடுகிறது. ஏழைப் பிள்ளைகளின் களிப்பைக் கொற்கையின் சிறப்பாகப் பாடிய அப்புலவர் நெஞ்சம் போற்றத்தக்கது.

இருவருக்கு ஒரு கல்

முத்துக்குளிப்பின் வரலாறு படிப்போர் அதன் விலையை எண்ணி வியப்பர். நாம் அதன் ஒழுங்கை எண்ணி வியக்கிறோம். மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் நடந்த பழைய முத்துச் சலாபங்களைப் பற்றிய குறிப்புகளில், தோணி ஒன்றுக்குப் பத்துக் குளிப்பாளரும் ஐந்து கற்களும் இருந்தமை கூறப்படுகிறது. இருவருக்கு ஒரு கல். ஒருவர் கல்லைப் பற்றிக் கடலுள் இறங்குவார். மற்றவர் மேலே இருந்து மூச்சு வாங்குவார். சிலமுறை மூழ்கியபின் முறை மாறும். கடலடியில் சிப்பி எவ்வளவு கிடந்தாலும், காலம் எவ்வளவு குறைந்தாலும் இம்முறை மாறுவதில்லை.

அத்தொழிலில் ஓய்வு என்பது வேலைக்குப் பின் கிடைக்கும் பரிசு அன்று, வேலையின் சரிபாதி. மேலே வந்து மூச்சு வாங்காதவன் மீண்டும் மூழ்க மாட்டான். தூத்துக்குடிக் கரையில் 1961க்குப் பின் முத்துச் சலாபம் நடைபெறவில்லை. சிப்பிப் பார்கள் வறண்டன. ஆயினும், இருவருக்கு ஒரு கல் என்னும் அந்த அறிவு வறண்டுபோக வேண்டியதில்லை.

வருமானம் நின்ற நாள்களா விடுமுறை?

வேலையற்றிருப்பதை ஓய்வு என்று கருதுவோர் உளர். நம் கடற்கரை அதனை மறுக்கும். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை உள்ளது. 2017க்கு முன் இது 45 நாளாக இருந்தது. மீனினம் பெருக இத்தடை வேண்டற்பாலதே. ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் கோடை விடுமுறையும் இதே நாள்களில்தான் வருகிறது. ஊரெல்லாம் பெட்டி கட்டும் காலத்தில் விசைப்படகுத் தொழிலாளியின் வீட்டில் வருமானம் நின்றுவிடுகிறது. குடும்பத்திற்கு வழங்கும் தடைக்கால உதவியை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக மாநில அரசு 2023இல் அறிவித்தது. நல்லதே. எனினும் இரண்டு மாத அரிசிக்கும் கடனுக்கும் அது போதுமா என்பதை அவ்வீட்டுத் தாய்மாரே அறிவர்.

உப்பளத் தொழிலாளர் நிலையும் இதுவே. உப்பு உற்பத்தியில் குசராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்திற்கு. தமிழகத்தில் முதலிடம் தூத்துக்குடிக்கு. வெயில் ஏறுமுன் வேலை முடிக்க வேண்டி, இருள் பிரியாத பொழுதிலேயே பெண்கள் உப்பளத்தில் இறங்குகின்றனர். வெண்ணிறப் பாத்தியின் ஒளி கண்ணைக் கூசச் செய்கிறது; உப்புநீர் காலை அரிக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுபோகிறது. மழைக்கால நிவாரணம் அண்மை ஆண்டுகளில்தான் வழங்கப்படலாயிற்று. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள்; ஆனால் ஓய்வில் இல்லை. நாளைய உலைக்கு அரிசி உண்டா என்று எண்ணிக்கொண்டிருப்பவருக்கு ஓய்வு ஏது? கூலியோடு கிடைக்கும் நாளே விடுமுறை. கூலி நின்ற நாள் வேலையின்மை மட்டுமே.

ஒன்பது நாள் கேட்ட ஒரு நாள்

இவ்வேறுபாட்டைத் தூத்துக்குடித் தொழிலாளர் நூற்றாண்டுக்கு முன்பே உணர்ந்திருந்தனர். 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் நூற்பாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் தலைமை தாங்கினர். கூலி உயர்வு அவர்களின் கோரிக்கை என்பதைப் பலர் அறிவர். வார விடுமுறையும் பிற விடுப்பு வசதிகளும் அக்கோரிக்கையில் அடங்கும் என்பதைச் சிலரே நினைவில் வைத்துள்ளனர். ஒன்பது நாள் உறுதியாக நின்றனர். ஆலை நிருவாகம் இறங்கி வந்து கூலியை உயர்த்தவும், வேலை நேரத்தைக் குறைக்கவும், ஞாயிறு விடுமுறை அளிக்கவும் இசைந்தது. அடுத்த சில நாள்களில், மார்ச் 12 அன்று, வ.உ.சி. கைதானார்.

1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனம் கண்டவர் என்றே அப்பெருமகனைப் போற்றுகிறோம். ஏழைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையை வாங்கித் தந்தவர் என்பதும் அதனினும் குறைந்த பெருமையன்று. பிரான்சு நாட்டுத் தொழிலாளர்க்கு ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமானது 1936இல்தான். ஊதியத்துடன் கூடிய விடுமுறையை மனித உரிமை என்று ஐக்கிய நாடுகள் அவை அறிக்கை செய்தது 1948இல். அவ்வறிக்கையின் 24ஆம் பிரிவு இதற்கென்றே அமைந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இவ்வூரில் அதற்கான குரல் எழுந்துவிட்டது.

இப்போது நம் கடைத்தெருக்களைப் பார்ப்போம். சென்னை மாகாணத்தில் இயற்றப்பெற்ற 1947ஆம் ஆண்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், பணியாளர்க்கு வார விடுமுறையையும், ஓராண்டு பணிபுரிந்தோர்க்கு ஊதியத்துடன் 12 நாள் விடுப்பையும் வகுத்தது. நாள் முழுதும் நின்றே வேலை செய்யும் விற்பனைப் பணியாளர் அமர இருக்கை தரவேண்டும் என்று சொல்வதற்கு 2021இல் தனியே ஒரு திருத்தம் தேவைப்பட்டது. உட்கார ஓர் இருக்கைக்கே சட்டம் வேண்டியிருக்கிறது என்றால், ஓய்வுக்கு ஒரு நாள் கேட்கும் பணிப்பெண்ணின் நிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம். நம்மிடையே வணிகர்களும் கடை உரிமையாளர்களும் இருக்கிறார்கள். தருமத்திற்கு வாரி வழங்கும் அவர்கள் கரம், ஊழியர்க்குக் கூலி பிடிக்காத ஒரு நாளை வழங்கத் தயங்கலாகாது. வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்கும் அதே நீதிதான். நாம் சுற்றுலா சென்ற வாரத்தில் ‘வேலையில்லை’ என்று அவள் கூலியைப் பிடித்துக்கொள்ளும் வீடு, தன் களிப்பின் செலவை அவள் தலையில் ஏற்றுகிறது.

விடுப்பில் வருபவர்

நம் கரையோர ஊர்களில் ‘லீவு’ என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. பிற ஊர்களில் விடுமுறை என்றால் வீட்டைவிட்டுப் புறப்படுதல். நம் வீடுகளிலோ, வெளிநாட்டிலிருப்பவர் வீடு திரும்புதல். ‘வாப்பா லீவில் வருகிறார்’ என்பதே பிள்ளைகள் அறிந்த விடுமுறைச் செய்தி. வளைகுடா நாடுகளில் பணிபுரியும் பலருக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையே அது வாய்க்கிறது. பள்ளி விடுமுறைக் காலத்தில் விமானக் கட்டணம் ஏறுவதால், பிள்ளைகள் வீட்டிலிருக்கும் மாதத்தை விட்டுவிட்டு அவர்கள் பள்ளி செல்லும் மாதத்தில் வருவோரும் உளர்.

கட்டணத்தினும் கடியது வெறுங்கையோடு வரக்கூடாது என்னும் வழக்கம். மாமிக்குச் சேலை, மச்சானுக்குக் கைக்கடிகாரம், அண்டை வீட்டாருக்கு அத்தர், பிள்ளைகளுக்கு மிட்டாய் என்று பட்டியல் நீள்கிறது. இப்பட்டியலை அஞ்சியே பயணத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுவோர் இல்லையா? ஒரு தந்தை தம் மகனைக் காண ஓராண்டு தாமதிப்பதற்கு நாம் எதிர்பார்க்கும் ஒரு புட்டி அத்தர் காரணமாகலாமா? ‘நீ வந்தால் போதும்’ என்று முதலில் எழுதவேண்டியவர்கள் நாம். பெரியோர் தம் வீட்டில் இதனைத் தொடங்கினால் ஊர் பின்பற்றும்.

சொல்லப்படாத காரணம்

கல்லூரிக்கு வருவோம். துறைச் சுற்றுலா அறிவிக்கப்பட்டதும் வகுப்பறை கலகலப்பாகிறது. பெயர் கொடுக்கும் நாளில் சிலர் எழுவதில்லை. காரணம் கேட்டால் ‘பாட்டிக்கு உடல்நலமில்லை’, ‘பேருந்துப் பயணம் ஒத்துக்கொள்ளாது’ என்கின்றனர். ஆசிரியர்கள் இக்காரணங்களை நன்கறிவர். மூன்று நாள் சுற்றுலாவுக்குக் கேட்கும் தொகை, உப்பளத்திலோ மீன் பதனிடும் கூடத்திலோ வேலை செய்யும் ஒரு தாயின் பல நாள் கூலி. அதைக் கேட்க மனமில்லாமல் அம்மாணவர் பொய் சொல்கிறார். அப்பொய்யில் குற்றமில்லை, தாயின்மீது கொண்ட இரக்கமே அது. ஆனால் சுற்றுலா முடிந்து வந்தவர்கள் நிழற்படங்களைக் காட்டிச் சிரிக்கும்போது, அவர் வகுப்பின் ஓரத்தில் நூலைப் புரட்டிக்கொண்டிருக்கிறார். சுற்றுலா எதற்காக நடத்தப்படுகிறதோ அந்த ஒற்றுமை அங்கே முறிந்துவிடுகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்கள் முன் மூன்று கருத்துகளை வைக்கிறோம். முதலாவது, வகுப்பில் மிகக் குறைந்த வருவாயுள்ள வீட்டை மனத்தில் வைத்தே சுற்றுலாவின் செலவைக் கணக்கிட வேண்டும். அனைவரும் வரமுடியாத சுற்றுலா துறையின் சுற்றுலா ஆகாது. இரண்டாவது, உதவி தேவைப்படுவோர் யாவர் என்பதைச் சக மாணவர் அறியலாகாது. எல்லாரிடமும் ஒரே சிறுதொகை பெற்று, எஞ்சியதை முன்னாள் மாணவரும் ஊர்ச் செல்வரும் பொதுநிதியாக ஏற்றால் யார் முகமும் வாடாது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாமல் கொடுக்கும் பண்பு நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. மூன்றாவது, மாவட்டத்தைப் பார்த்து முடித்தபின் மாநில எல்லையைக் கடக்கலாம்.

அருகிலுள்ள அரும்பொருள்

இக்கரைக்கு அக்கரை பச்சை என்பார்கள். நம் மாவட்டத்தை நாம் முழுமையாகப் பார்த்திருக்கிறோமா? பெரிப்புளூசும் தாலமியும் குறித்த கொற்கை, இன்று கடல் விலகிப்போக, வயல்களுக்கிடையே சிற்றூராக இருக்கிறது. 1968-69இல் அங்கு அகழாய்வு நடந்தது. வன்னி மரத்தடியில் நின்று, கப்பல்கள் வந்த துறை எங்கே என்று தேடுவதே ஒரு வரலாற்றுப் பாடம். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. 1876இல் ஜாகோர் என்னும் செருமானியர் தோண்டினார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆய்ந்தார். தாழிகளை அவை கிடந்த இடத்திலேயே பார்க்கும் காட்சியகம் 2023இல் அங்குத் திறக்கப்பட்டது.

தமிழ் பயில்வோர்க்கு எட்டயபுரம் ஒன்றே போதும். ஒரே ஊரில் பாரதி பிறந்த இல்லமும், சீறாப்புராணம் தந்த உமறுப்புலவர் துயிலும் இடமும் உள்ளன. இரண்டையும் ஒரே பகலில் நடந்தே காணலாம். ஒட்டப்பிடாரத்தில் வ.உ.சி. பிறந்த இல்லம் உண்டு. கழுகுமலையில் ஒரே பாறையைக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயிலும் சமணச் சிற்பங்களும் உண்டு. மணப்பாட்டின் மணற்குன்றும், மார்க்கோ போலோ வியந்த காயலும், திருப்புகழ் பாடிய காசிம் புலவரின் காயல்பட்டினமும் உண்டு. துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவில் நின்றால் அலையும் கப்பலும் ஒருங்கே தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைக் கொண்ட கடல்சார் தேசியப் பூங்கா 1986இல் நம் வாசலில்தான் அமைந்தது. அத்தீவுகளில் சில கடலில் அமிழ்ந்து வருகின்றன. அவற்றின் கதையை அறிய, கரையில் வலை உலர்த்தும் முதியவரிடம் ஒரு மணிநேரம் பேசினால் போதும்.

2021 மே மாதம் முதல் அரசு நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கின்றனர். வேலைக்கும் மருத்துவமனைக்கும் மட்டுமே அதனைப் பயன்படுத்தும் தாய்மாரை, அப்பேருந்து செல்லும் தொலைவிற்கேனும் ஒரு மாலை கடற்கரைக்கு அழைத்துச் செல்வது பிள்ளைகளின் கடமை. கட்டுச்சோறும் ஒரு பாயும் எடுத்துச் சென்றால் செலவு முடிந்தது. அன்றைக்கு அடுப்படி வேலையை ஆண்மக்கள் ஏற்கவேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறோம். கட்டுச்சோறு கட்டுவதற்காக அன்னை விடியற்காலை மூன்று மணிக்கு எழுவாராயின் அது பிள்ளைகளுக்கு மட்டுமே விடுமுறை.

கடன் வேண்டா

பயணத்திற்கும் தவணைக் கடன் தரும் காலம் இது. ஐந்து நாள் மலைவாசத்திற்கு ஓராண்டு தவணை கட்டுவோரைப் பார்க்கிறோம். குளிர்காற்று ஊருக்கு இறங்கியதும் நின்றுவிடுகிறது, தவணை நிற்பதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது முதுமொழி. இஸ்லாத்தின் ஐம்பெருங் கடமைகளுள் ஒன்றாகிய ஹஜ் பயணமே, சென்றுவர வசதி பெற்றோர்க்கு மட்டும்தான் கடமையாக்கப்பட்டுள்ளது. வசதியில்லாதவர் செல்லாதிருப்பது குறையாகக் கருதப்படவில்லை. அத்தகைய புனிதப் பயணத்திற்கே இவ்விலக்கு இருக்கையில், உதகைக்குப் போகாததற்கு நாம் ஏன் தலைகுனிய வேண்டும்?

நிறைவாக மாணவச் செல்வங்களுக்கு ஒன்று. ‘எங்கே போகிறீர்கள்?’ என்று அடுத்த கோடையில் எவரேனும் கேட்டால், ‘இவ்வாண்டு பணமில்லை, கொற்கைக்குப் போகிறோம், நீங்களும் வருகிறீர்களா?’ என்று நிமிர்ந்து சொல்லுங்கள். சென்று கண்டதை, ஆற்றுப்படைப் பாணனைப்போல், காணாத தோழனுக்குச் சொல்லுங்கள். நாளை நீங்கள் ஒரு கடைக்கோ அலுவலகத்திற்கோ தலைவராகும் காலம் வரும். அன்று உங்கள் கீழ்ப் பணிபுரிவோர்க்குக் கூலியோடு ஒரு நாளைக் கொடுங்கள். தோணியில் கல் ஒன்றுதான், ஆள் இருவர். நாம் மேலே வந்து மூச்சு வாங்கிவிட்டோமாயின், கீழே இருப்பவரின் கயிற்றை இழுத்து அவரை மேலே கொண்டுவருவது நம் முறை.